பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு வணிக மேலாண்மை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிப் படிப்பை முடித்து இளங்கலைக்கு விண்ணப்பிப்பவர்களும், வேறு துறையில் பட்டம் பெற்று முதுகலைக்கு மாற நினைப்பவர்களும் பன்னாட்டு வணிக மேலாண்மையைப் பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. பெயரைக் கேட்டு இந்தப் படிப்பில் சேர்பவர்கள் மிகுதி. பாடத்திட்டத்தைப் பிரித்துப் படித்துவிட்டுச் சேர்பவர்கள் குறைவு. ஆகவே, என்ன கற்பிக்கப்படுகிறது, அது எதற்குப் பயன்படுகிறது என்பதற்கே இந்த விடைகளில் அதிக இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

பொதுவான வணிக நிர்வாகப் படிப்பிலிருந்து இது எந்த வகையில் வேறுபடுகிறது?

கணக்கியல், நிதி, சந்தைப்படுத்தல், மனிதவளம், உற்பத்தி மேலாண்மை ஆகிய அடிப்படைப் பாடங்கள் இரண்டுக்கும் பொதுவானவை. ஒரு விற்பனையோ முதலீடோ நாட்டின் எல்லையைத் தாண்டும்போது என்னென்ன மாறுகின்றன என்று கேட்கத் தொடங்கும் இடத்தில்தான் வேறுபாடு பிறக்கிறது. பணம் எந்த நாணயத்தில் வந்து சேரும், தகராறு வந்தால் எந்த நாட்டுச் சட்டம் செல்லும், சரக்கு நடுக்கடலில் சேதமானால் நட்டம் யாருடையது, கிடைத்த இலாபத்துக்கு எந்த அரசுக்கு வரி செலுத்துவது, அங்குள்ள ஊழியரை இங்குள்ள வழக்கப்படி நடத்த முடியுமா என்ற கேள்விகள் உள்நாட்டு வணிகத்தில் எழுவதே இல்லை. எல்லை தாண்டிய வணிகத்தில் இவை ஒவ்வொரு நாளும் எழுகின்றன.

இந்தக் கேள்விகளுக்கென்று தனித் தாள்கள் இல்லாமல், வழக்கமான தாள்களின் பெயருக்கு முன்னால் 'சர்வதேச' என்று சேர்த்து மட்டுமே ஒரு பாடத்திட்டம் அமைந்திருந்தால், அது பொது வணிக நிர்வாகப் படிப்பே. அதில் சேர்வது தவறில்லை. ஆனால் எதில் சேர்கிறோம் என்று தெரிந்து சேர வேண்டும்.

எந்தெந்தப் பாடங்கள் இருக்கும்?

முதல் ஆண்டில் பெரும்பாலும் பொருளாதாரம், கணக்கியல், புள்ளியியல், மேலாண்மை அறிமுகம் ஆகியவை வரும். அதன் பிறகு பன்னாட்டு வர்த்தகக் கோட்பாடு, அந்நியச் செலாவணி, பன்னாட்டு நிதி, சுங்க நடைமுறைகள், ஏற்றுமதி இறக்குமதி ஆவணங்கள், விநியோகச் சங்கிலி, பன்னாட்டு வணிகச் சட்டம், பண்பாடுகளுக்கிடையிலான மேலாண்மை, பன்னாட்டு நிறுவனங்களின் உத்தி ஆகியவை தொடரும். பல இடங்களில் ஓர் அயல்மொழியும், ஒரு பருவம் வெளிநாட்டில் படிப்பதும், இறுதியில் ஓர் ஆய்வேடும் சேர்ந்திருக்கும்.

ரிக்கார்டோ காலத்துக் கோட்பாடுகளை இன்று எதற்காகப் படிக்க வேண்டும்?

ஆங்கிலேயப் பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ ஒப்பீட்டு நன்மை என்ற கருத்தை 1817இல் விளக்கினார். துணியையும் திராட்சை மதுவையும் இரண்டையுமே இங்கிலாந்தைவிடக் குறைந்த உழைப்பில் போர்ச்சுக்கல் உற்பத்தி செய்ய முடிந்தாலும், போர்ச்சுக்கல் மதுவிலும் இங்கிலாந்து துணியிலும் கவனம் செலுத்தி வர்த்தகம் செய்தால் இரு நாடுகளுமே பயனடையும் என்று அவர் எண்களைக் கொண்டு காட்டினார். எல்லாவற்றிலும் பின்தங்கிய ஒரு நாட்டுக்கும் விற்க ஏதோ ஒன்று இருக்கும் என்ற இந்த முடிவு, முதன்முறை படிக்கும் எவருக்கும் வியப்பைத் தரும். இறக்குமதித் தீர்வைகளைப் பற்றிய இன்றைய வாதங்களைப் புரிந்துகொள்ள இதுவே அடித்தளம்.

ஆயினும் ரிக்கார்டோவின் கோட்பாடு நாடுகளைப் பற்றிப் பேசுகிறது. நிறுவனங்களைப் பற்றிப் பேசவில்லை. ஒரு நிறுவனம் தன் பொருளை ஏற்றுமதி செய்வதோடு நிற்காமல், அயல்நாட்டில் ஏன் தானே ஆலை கட்டுகிறது? அந்நாட்டின் மொழியும் சட்டமும் வாடிக்கையாளரும் உள்ளூர் நிறுவனத்துக்கு நன்கு தெரியும். வெளியிலிருந்து வருபவருக்கு அந்தச் சாதகம் இல்லை. அப்படியிருந்தும் அவர் ஏன் வெல்கிறார் என்று ஸ்டீஃபன் ஹைமர் 1960இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் கேட்டார். பன்னாட்டு வணிகம் தனித் துறையாக வளர்ந்ததில் இந்தக் கேள்விக்குப் பெரிய பங்கு உண்டு. பின்னர் ஜான் டன்னிங் அதற்கு மூன்று பகுதிகள் கொண்ட விடையைத் தந்தார்: நிறுவனத்திடம் பிறரிடம் இல்லாத ஒரு சிறப்பு இருக்க வேண்டும்; அந்த இடத்தில் உற்பத்தி செய்வதால் ஒரு நன்மை கிடைக்க வேண்டும்; அந்தச் சிறப்பை உரிமம் கொடுத்து விற்பதைவிடத் தன் கையிலேயே வைத்துக்கொள்வது இலாபகரமாக இருக்க வேண்டும். மூன்றாவது பகுதியை மாணவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். உரிமம் கொடுப்பதா, கூட்டு முயற்சியா, முழு உரிமையுள்ள துணை நிறுவனமா என்று தேர்வில் கேட்டாலும் பணியில் கேட்டாலும் விடை அங்கேதான் இருக்கிறது.

1977இல் யோஹான்சன், வால்னே என்ற இரு சுவீடன் ஆய்வாளர்கள் முன்வைத்த உப்சாலா மாதிரி வேறொரு பக்கத்தைக் காட்டியது. நிறுவனங்கள் முதலில் தமக்குப் பழக்கமான, அருகில் உள்ள சந்தைகளுக்குச் சென்று, அனுபவம் கூடக் கூட முதலீட்டையும் தொலைவையும் அதிகரிக்கின்றன என்பது அதன் சாரம். இணையத்தின் வழியாகத் தொடக்கத்திலிருந்தே பல நாடுகளில் விற்கும் நிறுவனங்களுக்கு இது பொருந்துமா என்பது நல்ல விவாதப் பொருள். கோட்பாட்டை மனப்பாடம் செய்வதில் பெரிய பயன் இல்லை. அது எங்கே பொருந்தாமல் போகிறது என்று தேடிப் பார்ப்பதே படிப்பு.

ஏற்றுமதி ஆவணங்கள் எழுத்தர் வேலைதானே? மேலாண்மை மாணவர் அவற்றைப் படிக்க வேண்டுமா?

கட்டாயம் படிக்க வேண்டும். இந்தப் படிப்பில் மிகவும் குறைத்து மதிப்பிடப்படும் பகுதியும், பணியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே கைகொடுக்கும் பகுதியும் இதுவே என்பது என் உறுதியான கருத்து.

முதலில், விற்பனை நிபந்தனைகள். பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச வணிகச் சபை 1936இல் முதன்முதலாக வெளியிட்ட இன்கோடெர்ம்ஸ் விதிகள், இப்போது 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் 11 விதிகளாக உள்ளன. எந்தச் செலவு யாருடையது, எந்த இடத்தில் இழப்பின் பொறுப்பு விற்பவரிடமிருந்து வாங்குபவருக்கு மாறுகிறது என்பதை அவை வரையறுக்கின்றன. சி.ஐ.எஃப். (விலை, காப்பீடு, கப்பல் கட்டணம்) என்ற விதியை எடுத்துக்கொள்வோம். சேருமிடத் துறைமுகம் வரை கப்பல் கட்டணத்தையும் காப்பீட்டையும் விற்பவரே செலுத்துகிறார். ஆகவே சரக்கு அங்கே போய்ச் சேரும்வரை பொறுப்பும் அவருடையதே என்று கிட்டத்தட்ட எல்லா மாணவர்களும் முதலில் எழுதுவார்கள். அது சரியன்று. புறப்படும் துறைமுகத்தில் சரக்கு கப்பலில் ஏற்றப்பட்டவுடனேயே பொறுப்பு வாங்குபவருக்குச் சென்றுவிடுகிறது. நடுக்கடலில் சரக்கு நனைந்துபோனால் காப்பீட்டு நிறுவனத்தை அணுக வேண்டியவர் வாங்கியவரே. போதாக்குறைக்கு, வேறு ஏற்பாடு செய்துகொள்ளாவிட்டால் அந்த விதியின்கீழ் விற்பவர் எடுத்துத் தர வேண்டியது மிகக் குறைந்த அளவிலான காப்பீடு மட்டுமே. விலை பேசும்போது இதை அறியாதவர் பின்னர் பெரும் தொகையை இழக்க நேரிடும்.

அடுத்தது எல்.சி. எனப்படும் கடன் உறுதிக் கடிதம். வாங்குபவரின் வங்கி, குறிப்பிட்ட ஆவணங்கள் சரியாக வந்து சேர்ந்தால் பணம் தருவதாக விற்பவருக்கு அளிக்கும் வாக்குறுதி இது. 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள, இத்தகைய கடிதங்களுக்கான யு.சி.பி. 600 விதிகள், வங்கிகள் ஆவணங்களைக் கொண்டே முடிவெடுக்கும், சரக்கைக் கொண்டு அல்ல என்று தெளிவாகச் சொல்கின்றன. இதன் பொருள் என்னவென்று புரிய ஒரு வகுப்பறைப் பயிற்சியைப் பார்க்கலாம்.

மாணவரின் கையில் ஓர் எல்.சி.யும் அதனுடன் சமர்ப்பிக்கப்பட்ட ஆவணக் கட்டும் தரப்படுகின்றன. எல்.சி.யில் பொருள் 'நூறு சதவீதப் பருத்தித் துண்டுகள், வெள்ளை நிறம்' என்றும், சரக்கை ஏற்றக் கடைசி நாள் மே 31 என்றும் இருக்கிறது. விலைப்பட்டியலில் 'பருத்தித் துண்டுகள்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. பில் ஆஃப் லேடிங் எனப்படும் கப்பல் சரக்குச் சீட்டில் சரக்கு ஏற்றப்பட்ட நாள் ஜூன் 1 என்று முத்திரை விழுந்திருக்கிறது. காப்பீட்டுச் சான்றிதழ் ஜூன் 3 தேதியிடப்பட்டு, அதற்கு முந்தைய நாளிலிருந்து காப்பு செல்லும் என்ற குறிப்பு எதுவும் இல்லாமல் இருக்கிறது. சரக்கு முதல்தரமானது, எண்ணிக்கையும் சரி. ஆனாலும் மூன்று குறைகள். ஆவணங்கள் கிடைத்த அடுத்த நாளிலிருந்து அதிகபட்சம் ஐந்து வங்கி வேலைநாட்களுக்குள் வங்கி அவற்றைச் சரிபார்த்து மறுத்துவிடலாம். அதன் பிறகு விற்பவர் வாங்குபவரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்க வேண்டும். சந்தையில் விலை இறங்கியிருந்தால் அந்த வாங்குபவர் தள்ளுபடி கேட்பார். துறைமுகத்தில் சரக்குக்கு வாடகை ஏறிக்கொண்டிருக்கும்போது விற்பவரால் பேரம் பேச முடியாது. ஒரு நாள் தாமதமும் விலைப்பட்டியலில் விடுபட்ட சில சொற்களும் பேரத்தின் பலத்தையே இடம் மாற்றிவிடுகின்றன. இதை எழுத்தர் வேலை என்று ஒதுக்குபவர் மேலாளராக ஆன பிறகு பணத்தை எங்கே இழந்தோம் என்றே அறியமாட்டார்.

சுங்க வகைப்பாடும் இதே வகையைச் சேர்ந்தது. உலக சுங்க அமைப்பு பராமரிக்கும் ஒத்திசைந்த குறியீட்டு முறை 1988 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் முதல் ஆறு இலக்கங்கள் அதைப் பின்பற்றும் எல்லா நாடுகளிலும் ஒன்றே. பின்னலாடைகள் 61ஆம் அத்தியாயத்தில், பின்னலற்ற ஆடைகள் 62ஆம் அத்தியாயத்தில் என்று பிரிகின்றன. பருத்தியால் பின்னிய டி-ஷர்ட்டுக்கு 6109.10. குறியீடு மாறினால் தீர்வை மாறும், சில நேரங்களில் இறக்குமதி அனுமதியே மாறும்.

கணிதத்தில் நான் சுமார்தான். சமாளிக்க முடியுமா?

நுண்கணிதத்தில் வல்லவராக இருக்கத் தேவையில்லை. சதவீதம், விகிதம், கூட்டுவட்டி, அடிப்படைப் புள்ளியியல் ஆகியவை விரல்நுனியில் இருக்க வேண்டும். பொருளாதார அளவையியல் பக்கம் செல்ல விரும்புபவர்களுக்கு மட்டும் இதைவிட அதிகம் தேவைப்படும்.

எந்த அளவு கணக்கு என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. யூரோவில் செலவு செய்யும் ஒரு நிறுவனம் 10 இலட்சம் டாலருக்கு இயந்திரம் விற்கிறது; பணம் 90 நாட்கள் கழித்து வரும். இன்று ஒரு யூரோவுக்கு 1.10 டாலர் என்றால் வரவேண்டியது சுமார் 9,09,000 யூரோ. 90 நாட்களில் விகிதம் 1.20 ஆகிவிட்டால் கையில் கிடைப்பது சுமார் 8,33,000 யூரோ. இழப்பு ஏறக்குறைய 76,000 யூரோ. அந்த விற்பனையில் நிறுவனம் எதிர்பார்த்த இலாபம் எட்டு சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அது சுமார் 73,000 யூரோ. இயந்திரம் சரியாக ஓடியது, வாடிக்கையாளர் சொன்ன நாளில் பணம் தந்தார். இருந்தும் இலாபம் முழுவதும் போய்விட்டது.

முன்கூட்டியே வங்கியுடன் ஒரு முன்னோக்கு ஒப்பந்தம் செய்து விகிதத்தை உறுதிப்படுத்திக்கொள்வதா, விரும்பினால் மட்டும் குறித்த விகிதத்தில் மாற்றிக்கொள்ளும் உரிமை தரும் விருப்ப ஒப்பந்தம் வாங்குவதா, யூரோவிலேயே விலை சொல்வதா, அப்படிச் சொன்னால் போட்டியாளரிடம் வாடிக்கையாளர் போய்விடுவாரா என்று அலசுவதுதான் பன்னாட்டு நிதித் தாளின் பெரும்பகுதி. கூட்டல் கழித்தலைவிடத் தீர்மானமே கடினம். டாலரைத் தங்கமாக மாற்றித் தரும் ஏற்பாட்டை 1971 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்கா நிறுத்தியது. 1973க்குள் முக்கிய நாணயங்கள் மிதக்கத் தொடங்கின; அதாவது, அவற்றின் விகிதங்களைச் சந்தையே தீர்மானிக்கத் தொடங்கியது. விகிதங்கள் பெரும்பாலும் நிலையாக இருந்த அதற்கு முந்தைய காலத்தில் இந்தத் தாளின் பாதி தேவைப்பட்டிருக்காது.

பண்பாட்டைப் பற்றிய பாடம் உண்மையிலேயே பயனுள்ளதா?

நன்றாகக் கற்பிக்கப்பட்டால் மிகவும் பயனுள்ளது. மோசமாகக் கற்பிக்கப்பட்டால் தீங்கானது.

இந்தப் பாடத்தில் முதலில் வரும் பெயர் நெதர்லாந்து ஆய்வாளர் கேர்ட் ஹாஃப்ஸ்டீட். ஐ.பி.எம். நிறுவனத்தின் பல நாட்டு ஊழியர்களிடம் 1967க்கும் 1973க்கும் இடையில் திரட்டப்பட்ட ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வினாத்தாள்களை ஆராய்ந்து, அதிகார இடைவெளி, தனிமனிதச் சார்பு போன்ற அளவுகோல்களில் நாடுகளுக்கு மதிப்பெண் கொடுத்தார். ஒரே நிறுவனத்தின் ஊழியர்களை வைத்து ஒரு நாட்டையே அளக்கலாமா, ஒரு நாட்டுக்குள் இருக்கும் வேறுபாடுகள் எங்கே போயின, அந்த எண்கள் இன்றும் செல்லுமா என்ற எதிர்வாதங்களும் வலுவானவை. அந்த மதிப்பெண்களை முன்னால் இருக்கும் மனிதரின் குணச்சான்றிதழாக எடுத்துக்கொள்ளும் மாணவர், பாடம் படிக்காதவரைவிட மோசமாக நடந்துகொள்வார். சந்திப்புக்கு முன் என்னென்ன கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று யோசிப்பதற்கான குறிப்பாக வைத்துக்கொண்டால் போதும்.

இன்னொரு எச்சரிக்கை. எல்லாத் தோல்விகளுக்கும் பண்பாட்டைக் காரணம் காட்டுவது எளிது. அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனமான வால்மார்ட் 1997இல் ஜெர்மனிக்குள் நுழைந்து 2006இல் வெளியேறியது. ஜெர்மானிய வாடிக்கையாளர்களுக்கு வாசலில் புன்னகையுடன் வரவேற்பது பிடிக்கவில்லை என்ற கதை எல்லா வகுப்புகளிலும் சொல்லப்படுகிறது. அது உண்மையின் ஒரு துண்டு மட்டுமே. அங்கே ஆல்டி, லிடில் போன்ற மலிவுவிலைக் கடைகள் ஏற்கெனவே வேரூன்றியிருந்தன. கடை திறக்கும் நேரத்துக்குச் சட்டக் கட்டுப்பாடு இருந்தது. அடக்கவிலைக்குக் கீழே தொடர்ந்து விற்பதை அந்நாட்டின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம் தடுத்தது. தொழிலாளர் உரிமைச் சட்டங்கள் வேறாக இருந்தன. குறைந்த விலை என்ற அந்த நிறுவனத்தின் ஆயுதமே அங்கே எடுபடவில்லை. பண்பாட்டை மட்டும் எழுதிய விடைத்தாளுக்கு நான் பாதி மதிப்பெண்தான் கொடுப்பேன்.

சட்டம் படிக்க வேண்டுமா?

வழக்கறிஞர் அளவுக்கு வேண்டாம்; வழக்கறிஞரிடம் சரியான கேள்வியைக் கேட்கும் அளவுக்கு வேண்டும். சரக்கு விற்பனை பற்றிய ஐக்கிய நாடுகளின் ஒப்பந்தம் 1980இல் வியன்னாவில் கையெழுத்தாகி 1988இல் நடைமுறைக்கு வந்தது. 90க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்துள்ளன. இந்தியாவும் ஐக்கிய இராச்சியமும் சேரவில்லை. இரு தரப்பினரின் நாடுகளும் உறுப்பினர்களாக இருந்தால், வேண்டாம் என்று விலக்காத வரையில் அது தானாகவே பொருந்தும். தெரியாமல் கையெழுத்திட்டவருக்கும் பொருந்தும். அயல்நாட்டு நடுவர் தீர்ப்புகளை நிறைவேற்ற வழிசெய்யும் 1958ஆம் ஆண்டின் நியூயார்க் ஒப்பந்தத்தையும், அயல்நாட்டு அதிகாரிகளுக்குக் கையூட்டுக் கொடுப்பதைக் குற்றமாக்கிய 1977ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம், 2010ஆம் ஆண்டின் பிரிட்டன் சட்டம் ஆகியவற்றையும் அறிந்திருப்பது அவசியம்.

இளங்கலையில் படிப்பதா, முதுகலையில் படிப்பதா?

இரண்டுக்கும் நியாயம் உண்டு. எனினும் என் பரிந்துரை ஒரு பக்கம் சாய்ந்தது. இந்தத் துறை பல துறைகளின் சந்திப்பு. எதிலும் ஆழமில்லாமல் எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரிந்தவராக வெளியே வரும் ஆபத்து இளங்கலையில் அதிகம். பொறியியல், வேளாண்மை, ஜவுளித் தொழில்நுட்பம், மருந்தியல், கணக்கியல், மொழியியல் என்று ஏதேனும் ஒன்றில் இளங்கலை முடித்தவர் முதுகலையில் பன்னாட்டு வணிகம் படிக்கும்போது, விற்பதற்கும் வாங்குவதற்கும் அவர் உள்ளும் புறமும் அறிந்த ஒரு பொருள் ஏற்கெனவே கையில் இருக்கிறது. மருந்தியல் படித்தவர் மருந்து ஏற்றுமதியின் ஒழுங்குமுறைகளைப் பிடித்துக்கொள்ளும் வேகத்தைப் பொது மாணவரிடம் எதிர்பார்க்க முடியாது.

இளங்கலையிலேயே சேர முடிவு செய்தவர்கள், இரண்டாம் ஆண்டிலிருந்து நிதி, விநியோகச் சங்கிலி, சந்தைப்படுத்தல், தரவுப் பகுப்பாய்வு ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்து விருப்பப் பாடங்கள் எல்லாவற்றையும் அதிலேயே எடுத்துக்கொள்ளலாம். அப்போது அந்த ஆபத்து பெருமளவு நீங்கிவிடும்.

நல்ல பல்கலைக்கழகத்தை எப்படி அடையாளம் காண்பது?

முதலில் அந்தந்த நாட்டு அரசின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; அது இல்லாவிட்டால் மற்ற எதையும் பார்க்கத் தேவையில்லை. அடுத்து வணிகப் பள்ளிகளுக்கென்றே உள்ள மூன்று தரச்சான்றுகள்: 1916இல் தொடங்கப்பட்ட ஏ.ஏ.சி.எஸ்.பி., ஐரோப்பாவை மையமாகக் கொண்ட ஈக்விஸ், லண்டனில் இயங்கும் ஆம்பா. முதல் இரண்டும் பள்ளி முழுவதையும் மதிப்பிடுகின்றன. ஆம்பா முக்கியமாக எம்.பி.ஏ. போன்ற மேல்நிலைப் படிப்புகளைப் பார்க்கிறது. சான்று இருப்பது நல்ல அறிகுறி. இல்லாமலும் நல்ல துறைகள் உண்டு.

தரவரிசைப் பட்டியல்களுக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பதில்லை. முன்னாள் மாணவர்களின் ஊதியம், ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கை ஆகியவற்றுக்கு எவ்வளவு எடை கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து வரிசை மாறிவிடும். அதற்குச் செலவிடும் நேரத்தில் பாடத்திட்டத்தைத் தரவிறக்கி வாசிப்பது மேல். வர்த்தக நிதிக்கும் சுங்க நடைமுறைக்கும் தனித் தாள் இருக்கிறதா? அயல்மொழிக்கு மதிப்பெண் புள்ளிகள் உண்டா, அல்லது அது வெறும் விருப்பப் பயிற்சியா? வெளிநாட்டுப் பருவத்துக்கான கூட்டுப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுதோறும் எத்தனை இடங்கள் உள்ளன? பயிற்சிப் பணியைத் துறையே ஏற்பாடு செய்கிறதா, மாணவரே தேட வேண்டுமா? சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்டால் விடை வரும். மழுப்பலான விடை வந்தால் அதுவும் ஒரு தகவலே.

சேர்க்கைக்கு என்னென்ன தேர்வுகள் எழுத வேண்டும்?

ஆங்கிலவழிப் படிப்புகளுக்குப் பெரும்பாலும் ஐஇஎல்டிஎஸ் அல்லது டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு கேட்பார்கள். அவற்றின் மதிப்பெண்கள் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஏற்கப்படும். சில முதுகலைப் படிப்புகள் ஜிமேட் அல்லது ஜிஆர்இ கேட்கும். இப்போதைய ஜிமேட் தேர்வு கணிதம், மொழி, தரவு நுண்ணறிவு என்று மூன்று பகுதிகளைக் கொண்டது. மதிப்பெண் 205 முதல் 805 வரை. ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும்.

வெளிநாட்டுப் பருவம் இல்லாமல் இந்தப் பட்டத்தைப் பெறலாமா?

பெறலாம், ஆனால் வாய்ப்பு இருந்தும் விட்டுவிடுவது வீண். ஐரோப்பாவில் 1987இல் தொடங்கப்பட்ட எராஸ்மஸ் திட்டமும், ஆண்டுக்கு 60 படிப்புப் புள்ளிகள் என்ற பொதுக் கணக்கும் அங்கே ஒரு நாட்டில் படித்த பருவத்தை மற்றொரு நாட்டில் ஏற்றுக்கொள்வதை எளிதாக்கியுள்ளன. வேறு பகுதிகளில் இது பல்கலைக்கழகங்களுக்கிடையிலான தனி ஒப்பந்தத்தைப் பொறுத்தது. புறப்படும் முன்பே, அங்கே எடுக்கப்போகும் ஒவ்வொரு தாளும் இங்கே எந்தத் தாளுக்கு ஈடாகும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்வழி உறுதியை நம்பிச் சென்று, திரும்பி வந்து ஒரு பருவத்தை மீண்டும் படித்தவர்கள் உண்டு.

செலவு தடையாக இருந்தால், அயல்நாட்டு மாணவர் குழுக்களுடன் இணையவழியில் சேர்ந்து செய்யும் திட்டப்பணிகளைக் கேட்டுப் பெறலாம். நேர வேறுபாட்டுக்கு இடையில் ஒரு வேலையை முடித்துக் கொடுக்கும் பழக்கம் அதிலும் கிடைக்கும்.

எந்த அயல்மொழியைக் கற்பது?

பேசுபவர்களின் எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். எந்தத் தொழிலில், எந்தப் பகுதியுடன் வணிகம் செய்ய விரும்புகிறீர்கள் என்று பாருங்கள். இயந்திரங்கள் என்றால் ஜெர்மன் அல்லது ஜப்பானியம், இலத்தீன் அமெரிக்கா என்றால் ஸ்பானியம் அல்லது போர்ச்சுக்கீசியம், மேற்கு ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்குப் பிரெஞ்சு. மூன்று மொழிகளில் வணக்கம் சொல்லத் தெரிவதைவிட, ஒரு மொழியில் தொலைபேசியில் சரக்குத் தாமதத்தை விளக்கத் தெரிவது பல மடங்கு மேல்.

படித்து முடித்தால் என்ன வேலை கிடைக்கும்?

பன்னாட்டு மேலாளர் என்ற பதவி புதிய பட்டதாரிக்கு எங்கும் காத்திருப்பதில்லை. ஏற்றுமதி ஒருங்கிணைப்பாளர், சரக்கு அனுப்பும் நிறுவனத்தின் செயல்பாட்டு அலுவலர், வங்கியின் வர்த்தக நிதிப் பிரிவு அலுவலர், கொள்முதல் பகுப்பாய்வாளர், சுங்க இணக்க அலுவலர், சந்தை ஆய்வாளர் ஆகியவையே நுழைவாயில்கள். பெயரளவில் சிறியவையாகத் தோன்றினாலும், ஓர் ஒப்பந்தம் விசாரணைக் கடிதத்திலிருந்து பணம் வந்து சேர்வது வரை எப்படி நகர்கிறது என்பதை முழுவதுமாகப் பார்க்கக் கிடைக்கும் இடங்கள் அவை. வெளிநாட்டுப் பணியிடம் பொதுவாகச் சில ஆண்டுகள் கழித்தே வரும். விசா விதிகளும் நிறுவனத்தின் தேவையும் அதைத் தீர்மானிக்கின்றன. படிக்கும் நாட்டிலேயே வேலை பார்க்கத் திட்டமிடுபவர்கள், படிப்புக்குப் பின் அங்கே தங்கிப் பணிபுரிய அனுமதி உண்டா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே அந்நாட்டுக் குடிவரவுத் துறையின் அதிகாரபூர்வ அறிவிப்பில் பார்த்துவிட வேண்டும். முகவர் சொல் அதற்கு ஈடாகாது.

நாடுகள் தடைகளை உயர்த்திக்கொண்டிருக்கும் காலத்தில் இந்தப் படிப்புக்கு எதிர்காலம் உண்டா?

1995 ஜனவரி 1 அன்று உலக வர்த்தக அமைப்பு தொடங்கியபோது இருந்த நம்பிக்கை இப்போது இல்லை என்பது உண்மை. வர்த்தகத் தகராறுகளை விசாரிக்கும் அதன் மேல்முறையீட்டு அமைப்பு, புதிய உறுப்பினர்களின் நியமனத்தை அமெரிக்கா தடுத்ததால் 2019 டிசம்பர் முதல் இயங்க முடியாமல் இருக்கிறது. 2018இலிருந்து அமெரிக்காவும் சீனாவும் ஒன்றன்மீது ஒன்று தீர்வைகளை உயர்த்தின. பிரிட்டன் 2020 ஜனவரி 31 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. 2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற ஒரே கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாட்கள் உலகின் முக்கிய வழித்தடத்தை அடைத்துவிட்டது.

ஆனால் தடைகள் கூடும்போது இந்த அறிவின் தேவை குறைவதில்லை. எல்லைகள் தாராளமாகத் திறந்திருந்த நாளில் சுங்கத் தாளை யாரும் பொருட்படுத்தவில்லை. இப்போது ஒரு பொருளின் தோற்ற நாடு எது என்பதைத் தீர்மானிக்கும் விதியே அது விலைபோகுமா என்பதையும் தீர்மானிக்கிறது. இரும்பு, சிமென்ட், அலுமினியம் முதலியவற்றை இறக்குமதி செய்வோர் அவற்றின் கரிம உமிழ்வைத் தெரிவிக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் தொடங்கிய ஏற்பாடு, ஏற்றுமதி செய்யும் ஆலைகளில் இதுவரை இல்லாத புதிய பணிகளை உருவாக்கியிருக்கிறது. பொருளாதாரத் தடைப் பட்டியல்களைச் சரிபார்ப்பது வங்கிகளின் அன்றாட வேலை ஆகிவிட்டது. மாறியிருப்பது பாடத்தின் அழுத்தம்: பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய பாடத்திட்டத்தையே இன்னும் வைத்திருக்கும் துறையில் சேர வேண்டாம்.

ஆய்வேட்டுக்கு எப்படிப்பட்ட தலைப்பு நல்லது?

சிறியது. 'உலகமயமாக்கலின் தாக்கம்' போன்ற தலைப்பில் எழுதப்பட்ட ஆய்வேடுகள் பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்ததையே தொகுக்கின்றன. ஒரே பொருள், இரண்டு நாடுகள், ஒரு விதி மாற்றம் என்று சுருக்கிக்கொண்டால் தரவு கிடைக்கும், முடிவும் சொந்தமாக வரும். நாடுகளின் ஏற்றுமதி இறக்குமதிப் புள்ளிவிவரங்களைப் பொருள்வாரியாகத் தரும் ஐக்கிய நாடுகளின் காம்ட்ரேட் தரவுத்தளத்தை அதற்குப் பயன்படுத்தலாம்.

படிப்பு தொடங்கும் முன் உள்ள மாதங்களில் என்ன செய்யலாம்?

விரிதாளில் வேலை செய்யப் பழகிக்கொள்ளலாம்; கணக்கியலின் இரட்டைப் பதிவு முறையைப் புரிந்துகொள்ளலாம். அதைவிடச் சுவையான ஒரு பயிற்சியும் உண்டு. கையில் இருக்கும் ஏதேனும் ஓர் இறக்குமதிப் பொருளை எடுத்து, அது எங்கே செய்யப்பட்டது என்று பார்த்து, அதன் ஆறு இலக்கச் சுங்கக் குறியீட்டைத் தேடி, அந்தக் குறியீட்டில் உங்கள் நாடு எந்த நாடுகளிலிருந்து எவ்வளவு வாங்குகிறது, எவ்வளவு தீர்வை விதிக்கிறது, ஏதேனும் வர்த்தக ஒப்பந்தத்தின்கீழ் அந்தத் தீர்வை குறைகிறதா என்று ஒரு பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இந்தத் தகவல்கள் எல்லாம் பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கின்றன. இப்படி நாலைந்து பொருள்களுக்குச் செய்து பார்த்தவருக்கு, இந்தத் துறை தமக்கு ஒத்துவருமா என்பது கட்டணம் செலுத்துவதற்கு முன்பே தெரிந்துவிடும்.